வங்கி மோசடியில் கைதானவருக்கு ஜாமீன் எப்படிக் கிடைக்கிறது?

கேள்வி இதுதான்: ஆயிரக்கணக்கான கோடி மோசடி செய்ததாகக் கைதான வங்கித் தலைகளுக்கு நீதிமன்றம் எப்படி ஜாமீன் கொடுக்கிறது, பைக் திருடியவன் மாதக்கணக்கில் உள்ளே கிடக்கும்போது? கொடுத்த ஜாமீனை ரத்து செய்யவே முடியாதா? உதாரணத்துக்கு யெஸ் பேங்க் ராணா கபூர், ஐசிஐசிஐ சந்தா கோச்சார், டிஎச்எஃப்எல் வாதவான் சகோதரர்கள் என்று பெயர்களையும் போட்டுக் கேட்டிருக்கிறீர்கள்.

கோபம் நியாயம்தான். ஆனால் இவர்களை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டினால் ஒன்றும் விளங்காது. கோச்சாருக்குக் கிடைத்தது, கைதே சட்டப்படி நடக்கவில்லை என்பதால். வாதவான்களுக்குக் கிடைத்தது, தேதிக் கணக்கால். ராணா கபூர் நான்கு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டுத்தான் வெளியே வந்தார். இந்த மூன்றிலும் எந்த நீதிபதியும் "இவர் தப்பு செய்யவில்லை" என்று சொல்லவில்லை. ஜாமீன் மனுவில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவும் மாட்டார்கள், அது வழக்கு விசாரணையின் வேலை. நம் டிவி விவாதங்களில்தான் ஜாமீன் கிடைத்தால் நிரபராதி, மறுத்தால் குற்றவாளி என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

சாதாரணமாக ஜாமீன் மனு வரும்போது நீதிபதி பார்ப்பது மூன்று விஷயம். ஆள் ஓடிவிடுவாரா, ஆவணங்களில் கை வைப்பாரா, சாட்சிகளைக் கலைப்பாரா. குற்றத்தின் தீவிரம் நான்காவதாக வந்து உட்காரும். பொருளாதாரக் குற்றம் என்று வந்தால் இந்த நான்காவதுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதில் உச்ச நீதிமன்றமே இரண்டு குரலில் பேசியிருக்கிறது, இன்றைக்கும் இரண்டு தரப்பு வக்கீல்களும் ஆளுக்கொரு தீர்ப்புக் கட்டோடுதான் வருவார்கள்.

அரசுத் தரப்பு முதலில் எடுப்பது 1987-இல் குஜராத் வழக்கு ஒன்றில் சொல்லப்பட்டது. கொலை என்பது ஒரு வேகத்தில், உணர்ச்சி கொந்தளிக்கும்போது நடந்துவிடலாம், பொருளாதாரக் குற்றமோ நிதானமாகக் கணக்குப் போட்டுச் சொந்த லாபத்துக்காகச் செய்யப்படுவது, சமூகம் என்ன ஆனாலும் கவலைப்படாமல் செய்யப்படுவது என்கிற கருத்து. அது ஜாமீன் வழக்கே இல்லை, ஆனாலும் ஜாமீனை எதிர்க்கும் மனுக்களில் எல்லாம் அந்த வரிகளைப் பார்க்கலாம். அடுத்தது 2013-இல் ஜெகன் மோகன் ரெட்டி வழக்கு. பொருளாதாரக் குற்றங்கள் தனி வகை, ஜாமீன் விஷயத்தில் அவற்றை வேறு கண்ணோடுதான் பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

எதிர்த்தரப்பு எடுப்பது 2011-இல் வந்த சஞ்சய் சந்திரா தீர்ப்பு. 2ஜி வழக்கில் மாதக்கணக்கில் திகாரில் இருந்த ஐந்து நிறுவன அதிகாரிகளுக்கு ஜாமீன் கொடுத்தபோது, விசாரணைக்கு முன்பே தண்டிப்பதற்காக ஒருவரை உள்ளே வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அப்போது "ஒன்றே முக்கால் லட்சம் கோடி" என்று நாடே பேசிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கும். 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் அந்த வழக்கில் எல்லாரையும் விடுதலை செய்தது. சிபிஐ மேல்முறையீட்டுக்குப் போனது வேறு கதை. ஆனால் அந்த ஆறு வருடமும் அவர்களை உள்ளேயே வைத்திருந்தால் அதை யார் திருப்பிக் கொடுத்திருப்பார்கள்? ஜாமீனே கூடாது என்பவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். 2022-இல் சதேந்தர் குமார் அன்டில் வழக்கிலும், பொருளாதாரக் குற்றம் என்று ஒரு முத்திரை குத்தி எல்லாருக்கும் ஒரேயடியாக ஜாமீனை மறுக்க வேண்டியதில்லை என்று சொல்லியாகிவிட்டது.

வங்கிக்காரர் என்பதால் சட்டம் சலுகை காட்டுகிறதா என்று நீங்கள் நினைக்கலாம். ஏட்டில் பார்த்தால் நேர்மாறு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 409-ஆவது பிரிவு, நம்பிக்கை மோசடிக்கு ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம் என்று சொல்லும்போது, அரசு ஊழியருக்கு அடுத்து வங்கியாளரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஊர்க்காரன் பணத்தைக் கையில் வைத்திருப்பவன் கை வைத்தால் அது தனிக் கணக்கு என்பது வெள்ளைக்காரன் காலத்திலேயே தெரிந்திருக்கிறது. தனியார் வங்கியின் தலைவரும் நிர்வாக இயக்குநரும் ஊழல் தடுப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை அரசு ஊழியர்தான் என்று 2016 பிப்ரவரியில் குளோபல் டிரஸ்ட் வங்கியின் ரமேஷ் கெல்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு கட்டிவிட்டது. "நாங்கள் பிரைவேட், எங்களை லஞ்ச வழக்கில் சேர்க்க முடியாது" என்று இனி தப்ப வழியில்லை.

இதற்கு மேல் அமலாக்கத்துறை வழக்கு வேறு. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம், பிஎம்எல்ஏ என்று பேப்பரில் வருவது. அதன் 45-ஆவது பிரிவுதான் எல்லாரையும் நடுங்க வைப்பது. அரசு வக்கீல் எதிர்த்தால், குற்றம் சாட்டப்பட்டவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே போனாலும் வேறு குற்றம் செய்ய மாட்டார், இந்த இரண்டிலும் நீதிபதிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். விசாரணை ஆரம்பிக்கும் முன்பே, சாட்சி ஒருவர்கூடக் கூண்டில் ஏறாத நிலையில், குற்றம் செய்யவில்லை என்று எதை வைத்து நம்ப வைப்பது? 2017 நவம்பரில் நிகேஷ் தாராசந்த் ஷா வழக்கில் இந்த இரட்டை நிபந்தனையை உச்ச நீதிமன்றம் அடித்துத் தள்ளியது. 2018-இல் சட்டத்தைத் திருத்தி அரசு அதை மறுபடி கொண்டுவந்தது. 2022 ஜூலை 27 அன்று விஜய் மதன்லால் தீர்ப்பில் அது செல்லும் என்றாகிவிட்டது. பெண்கள், 16 வயதுக்குக் குறைந்தவர்கள், நோயாளிகள், ஒரு கோடி ரூபாய்க்குக் குறைவான வழக்குகள், இவர்களுக்கு மட்டும் கதவு கொஞ்சம் திறந்திருக்கும். ஆக, பைக் திருடியவனை விடப் பெரிய வங்கி மோசடிக்காரருக்கு சட்டப்புத்தகத்தில் ஜாமீன் கஷ்டம்தான். நடைமுறை ஏன் வேறு மாதிரி தெரிகிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வாதவான் கதையைச் சொல்கிறேன், ஜாமீன் எவ்வளவு நுணுக்கமான சமாச்சாரம் என்பது அதில்தான் தெரியும். கபில் வாதவான், தீரஜ் வாதவான் இருவரும் டிஎச்எஃப்எல் என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தை நடத்தியவர்கள், சரியாகச் சொன்னால் அது வங்கி கிடையாது. 2018 ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவில் யெஸ் பேங்க் இவர்கள் நிறுவனத்தின் கடன் பத்திரங்களில் 3,700 கோடி ரூபாய் போட்டது, அதற்குக் கைமாறாக ராணா கபூர் குடும்பத்தின் கையில் இருந்த ஒரு நிறுவனத்துக்கு டிஎச்எஃப்எல் 600 கோடி கடன் கொடுத்தது என்பது குற்றச்சாட்டு. 2020 ஏப்ரலில், ஊரடங்கு உச்சத்தில் நாம் எல்லாம் பால் வாங்க வெளியே போகவே யோசித்துக்கொண்டிருந்தபோது, இந்தக் குடும்பம் பரிவாரத்தோடு கண்டாலாவிலிருந்து மகாபலேஷ்வருக்குக் கார்களில் போனது, கையில் மாநில உள்துறையின் உயர் அதிகாரி கொடுத்த கடிதம். செல்வாக்கு என்றால் எப்படி இருக்கும் என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் அந்தக் கடிதம் போதும். அந்த மாதக் கடைசியில் சிபிஐ கைது செய்தது. மே 14 அன்று அமலாக்கத்துறையும் தன் வழக்கில் கைது செய்தது.

இங்கேதான் தேதி வருகிறது. கைது செய்து ரிமாண்ட் ஆனதிலிருந்து குறிப்பிட்ட நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், குற்றச்சாட்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், கேட்டால் ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும். டீஃபால்ட் ஜாமீன் என்பார்கள். பத்தாண்டு, ஆயுள் என்று போகும் குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60. பிஎம்எல்ஏவில் பொதுவாக அதிகபட்ச தண்டனை 7 ஆண்டு, ஆகவே 60 நாள். இப்போது விரல் விட்டு எண்ணுங்கள். மே 14-ஐயும் சேர்த்தால் மே மாதத்தில் 18 நாள், ஜூனில் 30, ஜூலை 12 அன்று 60 முடிகிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை. அமலாக்கத்துறை குற்றப்பத்திரிகையை சனிக்கிழமை 11-ஆம் தேதி மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, காகிதக் கட்டை திங்கட்கிழமை 13-ஆம் தேதிதான் நீதிமன்றத்தில் கொண்டுபோய்க் கொடுத்தது. வாதவான் தரப்பும் அதே திங்கட்கிழமை டீஃபால்ட் ஜாமீன் கேட்டு மனு போட்டுவிட்டது. மே 14-ஐச் சேர்க்காமல் எண்ணினால் 13-ஆம் தேதிதான் 60-ஆவது நாள், அமலாக்கத்துறை தப்பித்தது. சேர்த்து எண்ணினால் ஒரு நாள் தாமதம், வாதவான்களுக்கு ஜாமீன்.

சிறப்பு நீதிமன்றம் மறுத்தது. 2020 ஆகஸ்ட் 20 அன்று மும்பை உயர் நீதிமன்றம் கொடுத்தது. உச்ச நீதிமன்றத்தில் ஏற்கனவே இதில் இரண்டு விதமான தீர்ப்புகள் இருந்ததால் மூன்று நீதிபதிகள் அமர்வுக்குப் போய், ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்று 2023 மார்ச் 27 அன்று முடிவானது. ஒரே ஒரு நாளை எண்ணுவதா வேண்டாமா என்பதற்கு கிட்டத்தட்ட மூன்று வருடம்! இதில் வேடிக்கை, 2020-இல் உயர் நீதிமன்றம் கொடுத்த ஜாமீனை வைத்து அவர்கள் வெளியே வரவும் முடியவில்லை, சிபிஐ வழக்கு இன்னொரு பூட்டாக இருந்தது.

இதைப் படித்துவிட்டு "டெக்னிகல் காரணத்துக்கா விட்டார்கள்" என்று பலர் கொதித்தார்கள். நான் கொதிக்க மாட்டேன். அந்த 60 நாள் கெடு இல்லையென்றால் யாரையும் பிடித்து உள்ளே போட்டுவிட்டு, நிதானமாக ஆதாரம் தேடலாம் என்றாகிவிடும், அதில் முதலில் மாட்டுவது பணக்காரன் இல்லை. தப்பு செய்தது வார இறுதிக்குத் தள்ளிப்போட்ட அலுவலகம். 59 நாள் இருந்ததே.

கோச்சார் விஷயம் வேறு. வீடியோகான் குழுமத்துக்கு ஐசிஐசிஐ கொடுத்த கடன்களில், 2009 செப்டம்பர் 7 அன்று போன 300 கோடி ரூபாய்தான் வழக்கின் மையம். மறுநாளே 64 கோடி அவர் கணவர் தீபக் கோச்சாரின் நூபவர் நிறுவனத்துக்கு வந்தது என்பது குற்றச்சாட்டு. சிபிஐ 2019 ஜனவரியில் முதல் தகவல் அறிக்கை போட்டது. கைது எப்போது? 2022 டிசம்பர் 23. கிட்டத்தட்ட நான்கு வருடம் சும்மா இருந்துவிட்டு, கூப்பிட்டபோது வந்தவரை "விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை" என்று கைது செய்தார்கள். மும்பை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 9 அன்று இடைக்கால ஜாமீன் கொடுத்தபோது கேட்டது நியாயமான கேள்வி: இத்தனை நாள் தேவைப்படாத கைது இப்போது ஏன்? நீங்கள் எதிர்பார்க்கும் பதிலைச் சொல்லவில்லை என்பதும் ஒத்துழைக்கவில்லை என்பதும் ஒன்றா? தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லாமல் இருக்க அரசியல் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது. 2024 பிப்ரவரி 6 அன்று வேறொரு அமர்வு அதை உறுதி செய்து, யோசனையே இல்லாமல் வழக்கமாகக் கைது செய்வது அதிகார துஷ்பிரயோகம் என்றும் சொன்னது. அந்த 64 கோடி கைமாறா இல்லையா என்ற கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

இப்போது ராணா கபூர். 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி யெஸ் பேங்கை முடக்கி, கணக்கு வைத்திருப்பவர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றது. அந்த வாரம் ஏடிஎம் வாசலில் நின்றவர்களைக் கேளுங்கள். மார்ச் 8 அன்று அமலாக்கத்துறை அவரைக் கைது செய்தது. அப்புறம் ஒன்றன்மேல் ஒன்றாக வழக்குகள், சிபிஐ ஒரு பக்கம், அமலாக்கத்துறை ஒரு பக்கம். ஒன்றில் ஜாமீன் கிடைத்தால் இன்னொன்றில் காவல் நீடிக்கும். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம்கூட, நாட்டின் நிதி அமைப்பையே உலுக்கிய விவகாரம் என்ற தொனியில் பேசி ஜாமீனில் தலையிட மறுத்தது. 2024 ஏப்ரல் 19 அன்று, கடைசி வழக்கிலும் ஜாமீன் கிடைத்த பிறகுதான் தலோஜா சிறையிலிருந்து வெளியே வந்தார். நான்கு வருடம், ஒரு மாதம், சில நாள். பிஎம்எல்ஏவில் அதிகபட்ச தண்டனையே 7 வருடம் என்று சொன்னேன் அல்லவா? அதில் பாதிக்கு மேல் தீர்ப்பே இல்லாமல் கழிந்துவிட்டது.

அந்த நான்கு வருடத்தில் வழக்கு விசாரணை முடிந்து தண்டனை வந்திருந்தால் ஜாமீன் என்ற பேச்சே எழுந்திருக்காது. என் பார்வையில் உங்கள் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் அது. பெரிய வங்கி மோசடி வழக்கு என்றால் லட்சக்கணக்கான பக்க ஆவணம், நூற்றுக்கணக்கான சாட்சிகள், டஜன் கணக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள். 34,615 கோடி ரூபாய் வங்கிக் கடன் மோசடி என்று டிஎச்எஃப்எல் மீது சிபிஐ போட்ட இன்னொரு வழக்கில், முதல் குற்றப்பத்திரிகையிலேயே ஆட்களும் நிறுவனங்களுமாக 75 பேர். ஒவ்வொருவருக்கும் ஆவண நகல் கொடுக்கவே ஒரு வருடம் ஓடும். ஒருவர் விடுவிக்கக் கோரி மனு போடுவார், இன்னொருவர் உயர் நீதிமன்றத்தில் தடை வாங்குவார், நீதிபதி மாற்றலாகிப் போவார். விசாரணையை முடிக்க முடியவில்லை என்றால் ஆளை வைத்துக்கொண்டிருக்க அரசுக்கு முகாந்திரம் இல்லை. 2024-இல் மணீஷ் சிசோடியா வழக்கிலும், நம் ஊர் செந்தில் பாலாஜி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது இதையேதான்: 45-ஆவது பிரிவு எவ்வளவு கடுமையாக இருந்தாலும், விசாரணை எப்போது முடியும் என்றே தெரியாத நிலையில் அதை வைத்து ஒருவரைக் காலவரையின்றி அடைத்துவைக்க முடியாது. அரசியல்வாதிக்காக எழுதப்பட்ட அந்த வரிகள் வங்கியாளருக்கும் அப்படியே பொருந்தும், பொருத்திக்கொள்ளவும் செய்கிறார்கள்.

வங்கி வழக்குக்கு ஒரு தனிக் குணம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். முக்கிய ஆதாரம் எல்லாம் காகிதம். கடன் ஒப்புதல் குறிப்பு, கடன் குழுவின் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, யார் எந்தத் தேதியில் கையெழுத்திட்டார்கள், எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் பணம் போனது. பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பை பிராடி ஹவுஸ் கிளையில் நீரவ் மோடிக்காக நடந்ததில்கூட, வெளிநாட்டு வங்கிகளுக்கு உத்தரவாதம் போன ஸ்விஃப்ட் (வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் வலைப்பின்னல்) செய்திகள் வங்கியின் மையக் கணினிக் கணக்கில் ஏறாமலே போனதுதான் தந்திரம், ஆனால் ஸ்விஃப்ட் பதிவுகள் இருந்தன, அழியவில்லை. இவை கைப்பற்றப்பட்ட பிறகு "ஆதாரத்தை அழிப்பார்" என்ற வாதம் பலவீனமாகிவிடும். அதனால்தான் குற்றப்பத்திரிகை தாக்கலான உடனே ஜாமீன் மனு ஓடிவருகிறது.

சாட்சி விஷயம் அப்படியில்லை. காகிதத்தில் கையெழுத்து இருக்கும், "மேலிடத்திலிருந்து போன் வந்தது, அதனால் போட்டேன்" என்பது காகிதத்தில் இருக்காது. அதைச் சொல்ல வேண்டியவர் கடன் பிரிவில் இருந்த ஒரு நடுத்தர அதிகாரி. அவர் வேலை, பதவி உயர்வு, ஓய்வூதியம் எல்லாம் அந்த வட்டத்தோடு பின்னிக் கிடக்கிறது. முன்னாள் தலைவர் வெளியே வந்து ஒரு கல்யாண வீட்டில் தோளில் கை போட்டு "எப்படி இருக்கீங்க" என்று கேட்டாலே போதும், மனிதர் அடுத்த மாதம் கூண்டில் நின்று எனக்கு ஞாபகம் இல்லை என்பார். வங்கியாளர் ஜாமீனில் நான் உண்மையிலேயே பயப்படுவது இதற்குத்தான். பாஸ்போர்ட்டை ஒப்படை, ஊரை விட்டுப் போகாதே என்ற வழக்கமான நிபந்தனைகள் இதைத் தடுக்காது. கீழ்மட்ட சாட்சிகளின் வாக்குமூலத்தை முதலில் நீதிபதி முன் பதிவு செய்துவிட வேண்டும், விசாரணையிலும் அவர்களை முதல் வரிசையில் ஏற்றி முடித்துவிட வேண்டும். அரசுத் தரப்பு இதைச் செய்வது அபூர்வம்.

ஓடிப்போகும் பயத்துக்கு லண்டன் நல்ல உதாரணம். அங்கே கைதான விஜய் மல்லையா, நீரவ் மோடி இருவரும் வங்கியாளர்கள் இல்லை, கடன் வாங்கிய தரப்பு, இருந்தாலும் சொல்கிறேன். 2017 ஏப்ரலில் கைதான விஜய் மல்லையாவுக்கு அதே நாளில் 6,50,000 பவுண்டு ஜாமீன். 2019 மார்ச்சில் கைதான நீரவ் மோடிக்கோ மறுபடி மறுபடி மறுப்பு, ஜாமீன் தொகையை இரட்டிப்பாக்கியும் அந்த ஜூனில் உயர் நீதிமன்றம் வரை போயும் கிடைக்கவில்லை. இரண்டும் இந்திய வங்கிகளின் பணம், இரண்டும் ஆயிரக்கணக்கான கோடி. வித்தியாசம் எங்கே வந்தது என்றால், நீரவ் தரப்பில் சாட்சிகளை மிரட்டியதாகவும் தடயங்களை அழித்ததாகவும் இந்தியா காட்டிய விஷயங்களை அந்த நீதிபதிகள் நம்பினார்கள். தொகை பெரிது என்பதற்காக மட்டும் அவர்கள் மறுக்கவில்லை.

சரி, எல்லா வங்கியாளரையும் உள்ளேயே வைக்கலாம் என்று நினைப்பவர்கள் இரண்டு பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பேங்க் ஆஃப் மகாராஷ்டிராவின் நிர்வாக இயக்குநராகப் பதவியில் இருந்தபோதே ரவீந்திர மராத்தேயை 2018 ஜூனில் புனே போலீஸ் ஒரு கட்டுமான நிறுவனக் கடன் வழக்கில் கைது செய்தது. சில மாதங்களில் அவருக்கு எதிராக ஆதாரம் இல்லை என்று அதே போலீஸ் நீதிமன்றத்தில் அறிக்கை கொடுத்தது. ஸ்டேட் பேங்க் முன்னாள் தலைவர் பிரதீப் சௌத்ரியை 2021 அக்டோபர் கடைசியில், ஜெய்சல்மேரில் வாராக்கடனாகிப்போன ஒரு ஹோட்டலை சொத்து மீட்பு நிறுவனத்துக்கு மலிவாக விற்றதாக டெல்லி வீட்டிலிருந்து ராஜஸ்தான் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது, ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுப்பதற்குள் தீபாவளி சிறையில் கழிந்தது. இதெல்லாம் நடந்தால் அரசு வங்கியில் கடன் பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டியவர் பேனாவை மூடி வைத்துவிடுவார். நல்ல தொழிலுக்கும் கடன் நின்றுபோகும். தப்பான முடிவு எடுத்தவரும் திருடியவரும் ஒன்றில்லை, கைது செய்யும் நேரத்தில் அந்த வித்தியாசம் பல சமயம் போலீஸுக்கே தெரிவதில்லை.

"பணத்தைக் கட்டச் சொல்லிவிட்டு விடலாமே" என்ற யோசனை நிறையப் பேருக்கு வரும். 2023-இல் ரமேஷ் குமார் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது, ஜாமீன் நீதிமன்றம் வசூல் அலுவலகம் இல்லை என்ற அர்த்தத்தில். காசு உள்ளவன் கட்டிவிட்டுப் போவான், இல்லாதவன் கிடப்பான் என்றாகிவிடும். பிஎம்சி கூட்டுறவு வங்கி விவகாரத்தில் இன்னொரு விதமாக முயன்றார்கள். 2019 செப்டம்பரில் அந்த வங்கியின் வாடிக்கையாளர் முதலில் 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு போட்டது, கடனில் பெரும்பகுதி எச்டிஐஎல் என்ற ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போயிருந்தது, அதை மறைக்க 21,000-க்கு மேற்பட்ட போலிக் கணக்குகள். சொத்துகளை விற்க உதவியாக இருக்கட்டும் என்று எச்டிஐஎல் உரிமையாளர்களை ஆர்தர் ரோடு சிறையிலிருந்து அவர்கள் வீட்டுக்கே மாற்ற மும்பை உயர் நீதிமன்றம் 2020 ஜனவரியில் உத்தரவு போட, மறுநாளே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. பணத்தைத் திருப்பிக் கொண்டுவர சொத்து முடக்கம், திவால் நடைமுறை என்று வேறு வழிகள் இருக்கின்றன. டெபாசிட் போட்டவனுக்கு அந்த வழிகள்தான் உதவும், யார் எந்த செல்லில் படுக்கிறார் என்பது உதவாது.

பைக் திருடியவன் கேள்விக்கு வருகிறேன். அவனுக்கு ஜாமீன் மறுக்கப்பட்டதால் உள்ளே இருக்கிறான் என்று நினைக்கிறீர்கள், பல சமயம் ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருக்கிறான். உத்தரவில் "பத்தாயிரம் ரூபாய்க்கு சொந்த ஜாமீனும், அதே தொகைக்கு இரு நபர் ஜாமீனும்" என்று இருக்கும், சில சமயம் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்திருப்பார்கள். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த பையனுக்கு வீட்டு வரி ரசீதும் சொத்து மதிப்புச் சான்றும் வைத்திருக்கிற இரண்டு பேர் எங்கிருந்து கிடைப்பார்கள்? வக்கீல் ஃபீஸ் கொடுக்கக்கூட ஆளில்லாமல் உத்தரவு காகிதமாகவே கிடக்கும். இந்தியச் சிறைகளில் நான்கில் மூன்று பங்குக்காரர்கள் விசாரணைக் கைதிகள். ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தப் பாருங்கள் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 479-ஆவது பிரிவில், இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தால் விட வேண்டும் என்றும் வந்திருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் அந்தச் சலுகை கிடையாது, ஆகவே பல வழக்கு போடப்பட்ட வங்கித் தலைவருக்கு அது உதவாது, பைக் பையனுக்கு உதவும், யாராவது அவனுக்காக மனு போட்டால். வங்கியாளருக்கு அந்த மனுவைப் போட மூத்த வக்கீல்கள் வரிசையில் நிற்பார்கள். பாகுபாடு இருக்கிறது என்பதை நான் மறுக்கவே இல்லை, அதை சரிசெய்ய இவருக்கு மறுப்பதை விட அவனுக்குக் கொடுக்க வைப்பதுதான் வழி என்கிறேன்.

கடைசியாக, ரத்து செய்ய முடியுமா? தாராளமாக. வெளியே வந்தவர் சாட்சியை மிரட்டினால், தலைமறைவானால், நிபந்தனையை மீறினால், கொடுத்த நீதிமன்றத்திலேயே ரத்து கேட்கலாம். கொடுத்ததே சட்டப்படி தப்பு என்றால் மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அதற்கு அவர் வெளியே ஏதாவது செய்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. இந்த இரண்டாவது வழிக்கும் உதாரணம் வாதவான்களேதான். 34,615 கோடி சிபிஐ வழக்கில் 2022 ஜூலையில் கைதானார்கள், 90 நாள் கெடுவுக்குள் 88-ஆவது நாளில் குற்றப்பத்திரிகை வந்தது. மற்றவர்கள் மீது விசாரணை இன்னும் பாக்கி, ஆகவே அது முழுமையான குற்றப்பத்திரிகை இல்லை என்று சொல்லி டிசம்பரில் டீஃபால்ட் ஜாமீன் வாங்கினார்கள், டெல்லி உயர் நீதிமன்றமும் ஆமோதித்தது. 2024 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றம், இவர்களைப் பொறுத்தவரை தேவையான ஆதாரத்தோடு குற்றப்பத்திரிகை வந்துவிட்டது, மற்றவர்களைப் பற்றிய விசாரணை தொடர்வது இவர்களுக்கு ஜாமீன் உரிமை கொடுக்காது என்று அந்த உத்தரவுகளைத் தூக்கி எறிந்தது. அந்த மே மாதம் சிபிஐ தீரஜ் வாதவானை மறுபடி கைது செய்தது.